இடது பக்கத்துப் பெட்டி

துடியலூரில் அந்தக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் கலைந்த மதிய நேரம். காலி நாற்காலிகளுக்கு நடுவே மேசை போட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு டிஜிட்டல் மிக்ஸர்களை அருகருகே வைத்திருந்தோம், நானும் என் அக்கா வீட்டுக்காரரும். இருபது வருடமாகச் சேர்ந்தே சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறோம். மேடைக் கச்சேரி என்றால் மிக்ஸரில் கை வைப்பவர் எப்போதும் மாமாதான். ஆனால் அதற்கு முந்தைய சில மாதங்களாக எங்கு போனாலும் ஒரே குறை. போத்தனூரில் ஒரு பெண்வீட்டார், "காதைக் குத்துதுங்க, கொஞ்சம் கொறைங்க" என்று மூன்று முறை வந்து சொல்லிவிட்டு, அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய மிக்ஸர் கெட்டுவிட்டது என்றார் மாமா. அதனால்தான் புதிதாக வாங்க இரண்டைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தோம்.

ஒன்றில் கையால் தள்ளும் ஃபேடர்கள் வரிசையாக இருந்தன. மற்றொன்று சின்னப் பெட்டி. டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தபடியே இயக்கலாம். ஒரே பாட்டை இரண்டுக்கும் கொடுத்தேன். ஃபேடர் வைத்தது இடது பக்க ஸ்பீக்கரிலும், சின்னது வலது பக்கத்திலும் பேசியது.

"இடது மந்தமா இருக்குது மாப்ளே. சலங்கைச் சத்தமே வர்ல."

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வயர்களை மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் இடதுதான் மந்தம் என்றார். ஸ்பீக்கரில் கோளாறு என்று இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம். அப்போதும் இடதுதான். மேற்கொண்டு சோதிக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"மாமா, மேடைக்கு முதுகு காட்டி உக்காருங்க."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அவர் கை மெல்ல எழுந்து, அதுவரை நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவந்த, இப்போது அவருக்கு இடது பக்கமாகிவிட்ட ஸ்பீக்கரையே மந்தம் என்று காட்டியது. காட்டிய கையை அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியில கோளாறு ஒண்ணுமில்ல மாப்ளே," என்றார். "உங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

இடது காது நரம்பு தேய்ந்துவிட்டது, போன செவி திரும்பாது என்றார் டாக்டர். அந்தக் காதுக்கு எட்டட்டும் என்றுதான் மாமா அத்தனை மாதமும் சத்தத்தை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். கையால் தள்ளும் மிக்ஸரைத்தான் மாமா வாங்கச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் சின்னதை வாங்கச் சொன்னார். டேப்லெட் இப்போது என் கையில். அவர் முன்வரிசை ஓரமாக நின்று ஜனங்களின் முகத்தைப் பார்க்கிறார். யாராவது புருவம் சுருக்கினால் எனக்குக் கை காட்டுகிறார், நான் குறைக்கிறேன். குறை சொல்லி இப்போது யாரும் வருவதில்லை.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அவர் நின்ற அதே ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில்தான் நானும் இத்தனை வருடம் நின்றேன். போன் வந்தால் முதலில் வலது காதில் வைக்கிறேன். பேசுகிறவர் பாதி சொல்வதற்குள் இடது காதுக்கு மாற்றிப் பார்க்கிறேன்.