பீலிக்கரையில் ஒரு சமாதான மாநாடு

பாடம் நடத்துவது சுலபம். அதை அப்படியே நம்பிவிடும் பிள்ளைகளிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம் என்பது வெண்கட்டி பிடித்த உங்களுக்குத் தெரியாததல்ல. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் எனக்கு அது தகுதிகாண் காலம். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி நான். இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

சின்ன நாடு

இந்தியாவும் சீனாவும் எல்லையில் மோதி ஓய்ந்திருந்த நேரம். கொழும்பில் ஆறு நாடுகள் கூடிப் பேசியதையும், நம் பிரதமரே இரண்டு தலைநகரங்களுக்கும் சமாதானம் பேசப் போனதையும் பத்திரிகையை வைத்துச் சொன்னேன். அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனு நிராகரிக்கப்பட்டிருந்தது; ஆனாலும் "நம்ம நாடு" என்றே சொன்னேன், பெருமையாகவும் இருந்தது. படைகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் வெற்று நிலம் விடவேண்டும் என்ற யோசனையையும் விளக்கினேன். ஒற்றை அறைக் காம்பரா நாலே உள்ள சின்ன லயத்துப் பார்வதி எழுந்தாள்.

"அப்ப எங்க லயத்து ஆளுங்க சொன்னாலும் பெரிய லயத்துக்காரங்க கேப்பாங்கதானே சார்?"

இருபதடி

பெரிய லயங்களான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் தினமும் சண்டை, யார் குடம் முதலில் என்று. மறுநாள் காலை பார்வதி நடுவில் போய், இரு பக்கமும் குடங்களை இருபதடி தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறாள். "எங்க சார் சொன்னாரு" என்றதும் வைத்துவிட்டார்கள். பிறகு யார் முன்னே வந்தாலும் ஒப்பந்தத்தை மீறியதாகுமே! பீலி சும்மா கொட்ட, நின்ற பெண்கள் எல்லோரும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிட்டார்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா பள்ளிக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிற இன்ஸ்பெக்டரிடம் சொல்லத்தான் போகிறாராம்.

"சமாதானமெல்லாம் சரி வாத்தியாரே, தண்ணிய யாரு புடிக்கிறது?"

வெள்ளிக்கிழமை

சொல்லியும்விட்டார். யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பார்வதியைக் கூப்பிட்டு, பீலியில் இப்போது என்ன நிலவரம் என்று கேட்டார்.

"சண்டை இல்லைங்க ஐயா. ஒரு நாள் மேல் லயம் முதல்ல, மறுநாள் கீழ் லயம். எங்க சின்ன லயம் எப்பவும் கடைசி. எங்களுக்கு முதல் எடம் வேணாம்னு சொன்ன பொறகுதான் ரெண்டு பேரும் நம்புனாங்க."

மூன்று நாளாய் யாரும் பெரட்டுக்குப் பிந்தவில்லை என்று வாசலில் நின்ற கண்டாக்கு ஐயாவே ஒப்புக்கொண்டார். வகுப்பே கைதட்டியது. இன்ஸ்பெக்டர் என் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"திறமான பாடம், தம்பி. இந்தப் பிள்ளையையும் பிரதமர் அந்த ரெண்டு நாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேணும்."

நான் அந்த வருஷமே நிரந்தரமாகிவிட்டேன். உலக சமாதானம்தான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறது.