இரண்டு கல் இடைவெளி

தபீதாள் டீச்சர் எனக்குப் பழக்கமானது அவர் கணவரின் பக்கவாதத்தால்தான். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, தாம்பரத்திலும் செம்பாக்கத்திலும் வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1970 என்று நினைவு. கணவர் ஞானையா ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. சிரிப்பு மட்டும் வாயின் ஒரு ஓரத்தில் மிச்சமிருந்தது.

தபீதாள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது எல்லாம் ஒரு தடவை காட்டினால் போதும், மறக்கமாட்டார். அழுது நான் பார்த்ததில்லை. "வீட்டுக்குள்ளேயே வைக்காதீங்க, வெளியே கூட்டிப் போங்க" என்றேன். உடனே கீழ்க்கட்டளைத் தச்சரைப் பிடித்து, ஒரு மர நாற்காலிக்குச் சைக்கிள் சக்கரம் பொருத்தினார். ஞாயிறுதோறும் அதில் அவரை உட்காரவைத்துச் சர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்போதுதான் முனிசிபாலிட்டி கல் நட்டது. சர்ச்சுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. பக்கத்து மனையில் குப்பை லாரிகளை நிறுத்துவார்கள். சந்தும் அந்த மனையோடு சேர்ந்தது என்றது முனிசிபாலிட்டி. சர்ச் கட்டிய நாளிலிருந்து எங்கள் வழி என்றது சபை. இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போயின. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. சந்து வாயில் வரிசையாக நட்ட கற்களுக்கு நடுவே ஆள் நுழையலாம், நாற்காலி நுழையாது. அது மட்டும் எனக்குத் தெரியும். சுற்றிப் போனால் ஏரிக்கரைப் படிக்கட்டு.

முதல் வாரம் சபை வாலிபர்கள் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கல்லைத் தாண்டினார்கள். பக்கவாதக்காரரை அப்படித் தூக்கக் கூடாது. வலது தோள் இழுபட்டு வீங்கிவிட்டது. ஒத்தடம் கொடுத்தபடியே தபீதாள் சொன்னார்: "இனிமே அவரை யாரும் மூட்டை மாதிரி தூக்க வேண்டாம். வந்தா நாற்காலியோட வருவார்."

பாதிரியார் ஏசுதாசன் சாதுவான மனிதர். "கேஸ் முடியற வரைக்கும் பொறுத்துக்கோங்க, டீச்சர். நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்து தருவோமே. சாருக்கும் நானே கொண்டுவரேன்."

"அவரால வர முடியும், ஐயா. வழிக்குத்தான் சீக்கு."

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. வந்திருக்கிற எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கி முடித்த பிறகுதான் ஆசீர்வாதம்; ஆசீர்வாதம் ஆகாமல் யாரும் எழுந்து போவதில்லை. தபீதாள் அன்று ஞானையாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கல்லுக்கு வெளியே தெருவில் நாற்காலியை நிறுத்தினார். பிறகு உள்ளே வந்து, எல்லோரும் வாங்கி முடித்ததும் எழுந்து, "இன்னும் ஒருத்தர் வெளியே இருக்கார், ஐயா" என்றார்.

பாதிரியாருக்கு வேறு வழியில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சந்து வழியே நடந்தார். ஆசீர்வாதம் வாங்க வேண்டுமே என்று சபையும் பின்னால் போனது. நானும் போனேன். கல்லுக்கு இந்தப் பக்கம் சந்திலும் அந்தப் பக்கம் தெருவிலுமாக முழங்கால் போட்டோம். குப்பை ஏற்றி வந்த லாரி மனைக்குள் போக முடியாமல் எங்கள் பின்னால் நின்றது.

டிரைவர் குப்புராஜ் தலையை நீட்டினார். "இன்னாம்மா இது? நடுரோட்டுல குந்திகினு கீறீங்க! வண்டி நாறுது!"

"எங்களுக்கும்தான் நாறுது" என்றார் தபீதாள், கண்ணைத் திறக்காமல். "ஜெபம் முடியட்டும், தம்பி."

"உங்க சாமி சீக்கிரம் அனுப்பாதா?"

"உங்க ஆபீஸ் கல்லைப் பிடுங்கினா சீக்கிரம் அனுப்பும்."

அடுத்த மாதமும் இதே கதை. அதற்கடுத்த மாதம் லாரிகள் வரிசையாக நின்றன. நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் முனிசிபாலிட்டியைத் திட்டினார்கள்; எங்களையும் திட்டினார்கள். சபைக் கமிட்டியில் சிலருக்கு வெட்கம். "கேஸ் கெட்டுடும், டீச்சர்" என்றார் தனசிங். "கேஸை நீங்க பாருங்க, அவரை நான் பார்த்துக்கறேன்" என்றார் தபீதாள்.

கடைசியில் ஓவர்சியர் ஸ்ரீரங்கன் ஆட்களோடு வந்தார். நல்ல மனிதர், பாவம், மூக்கில் கைக்குட்டை. "கோர்ட் தீர்ப்பு வர வரைக்கும் ஒரு கல்லை எடுத்துடறோம், டீச்சர். நாற்காலி தாராளமா போகும். போதுமா?"

"நாற்காலி போகும், சார். ஒருநாள் இவர் பெட்டியில போவாரே? ரெண்டு பக்கமும் ஆள் தூக்கிட்டு வருவாங்களே, அதுக்கு எப்படிப் போதும்?"

"டீச்சர்! அவர் காதுபடவா?" என்று பதறினார் பாதிரியார்.

நான் ஞானையாவைப் பார்த்தேன். வாயின் அந்த ஓரம் மேலே ஏறியிருந்தது; வயிறு குலுங்கியது.

"பாருங்க, அவரே சரிங்கறார்" என்றார் தபீதாள். "ரெண்டு கல்லு."

இரண்டு கல்லைப் பிடுங்கினார்கள். மற்றவை அப்படியே நின்றன, கேஸும் நின்றது.

அதன் பிறகு ஞானையா அவசரப்படவில்லை. சில வருஷம் அந்த வழியே போய் வந்து, 1974 மழைக்காலத்தில் இறந்தார். பெட்டி இடைவெளியில் போனபோது நான் பின்னால் நடந்தேன். தூக்கியவர்கள் யாருடைய முழங்கையும் கல்லில் உரசவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடப்பாரையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். லாரியில் கல். குப்புராஜ்தான் ஓட்டிவந்திருந்தார்.

"சாருதான் பூட்டாரே, டீச்சரம்மா. இனிமே இன்னாத்துக்கு வழி?"

தபீதாள் வீட்டுக்குப் போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடைவெளியின் நடுவே நிறுத்தி, புடவையைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தார். அந்த வயதிலும் ஏரிக்கரைப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறுகிற முழங்கால்கள் அவருக்கு.

"நான் இருக்கேனே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தள்ளுங்க, சிஸ்டர்" என்றார்.

தள்ளினேன்.