ரவிக்கையோடு எடுத்த படம்

உலகச் சண்டைக் காலத்தில் என் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அப்போது நான் சாந்தோமில் பள்ளிக்கூட டீச்சர். கட்டி வந்தது எனக்கு. அதைப் பற்றிப் பேசும் உரிமை என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் போய்விட்டது.

பெரிய டாக்டர் என் கணவரிடமே கேள்விகள் கேட்டார். எனக்கு வலிக்கிறதா என்பதற்கும் அவரே பதில் சொன்னார். என்னைத் தொட்டுப் பார்த்தால் கௌரவம் குறையுமோ என்னவோ, எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லிவிட்டார் டாக்டர்.

நாத்தனார் துணைக்கு வந்தார். "இன்னாடி இது, ஆம்பளைங்க முன்னாடி ரவிக்கைய அவுத்துக்கினு நிப்பியா?" என்றார். படம் எடுப்பவரும் பயந்த சுபாவம். ரவிக்கையோடே எடுத்தார்.

படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுண்ணாம்பு படிந்திருக்கிறது, புற்றுநோய்தான், மார்பையே எடுத்துவிட வேண்டும் என்றார். என் கணவர் தாராளமாகத் தலையாட்டினார். அறுக்கப்போவது அவருடையதை இல்லையே!

வீட்டில் ரவிக்கையைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. நாத்தனார் கொடுத்த களிம்பைப் பத்து நாளாகத் தடவிவந்தேன். நாட்டு மருந்துக் கடை மிருதார்சிங்கியைக் குழைத்தது, ஈயச் சரக்கு. துணியில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. ஈயத்தை எக்ஸ்ரே ஊடுருவாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மகா மேதை நான்!

பிலிம் தட்டுப்பாடு என்று முனகினார்கள். நான் விடவில்லை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போய், ரவிக்கை இல்லாமல் நின்று மறுபடி எடுத்துக்கொண்டேன். ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்றுமில்லை என்றுவிட்டார் பெரிய டாக்டர்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சொன்னால், "அதான் ஒண்ணுமில்லேன்னுட்டாரே, இன்னும் இன்னா கீது?" என்றார் நாத்தனார். படத்தில் தெரியாத கட்டி அவர்களுக்குக் கட்டியே இல்லை.

எனக்குப் பயம் போகவில்லை. தனியாக மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் விரல்களால் நிதானமாக அழுத்திப் பார்த்தார்.

"டீச்சரம்மா, படத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கட்டிய மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். உங்களுக்குச் சம்மதமா?"

கேட்டது என்னை. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கே படுத்தபடியே அழுதுவிட்டேன்.

கட்டியை எடுத்தார்கள். கெட்டது இல்லை என்று முடிவு வந்தது. அதை டாக்டர் என்னிடம்தான் சொன்னார். முடிவு வந்ததா, வந்ததா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கு நான் ஒரு வாரம் கழித்துச் சொன்னேன்.