ஜெபிக்கிறன் என்று சொன்னேன்

இங்கே தேவாலயத்துக்குள் மாரிகாலத்தில் யாரும் கோட்டைக் கழற்றுவதில்லை. கையுறையோடுதான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். லண்டனுக்கு வந்த முதல் மாரியில், ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நான் நடுங்கிக்கொண்டு நின்றபோது, போதகர் வந்து என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "டூ யூ ஃபீல் கோல்ட்?" என்று கேட்டார். வந்த நாளிலிருந்தே என்றேன். வீட்டிலுமா என்றார். வீட்டில்தான் கூடுதல், படுக்கையிலும் விடுவதில்லை என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு கொடுத்த அச்சுத்தாளில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தடுப்பு முகாமுக்குப் போய் அகதிகளைச் சந்திக்கிறவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அவர் கேட்டது குளிரைப் பற்றி அல்ல, தேவ அழைப்பைப் பற்றி என்று மகள்தான் விளங்கப்படுத்தினாள். எங்கள் எழுத்தில் எழுதினால் cold, called இரண்டும் ஒரே சொல். இந்தக் கதையை டூட்டிங் தமிழ்க் கடைகளில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதன் பிறகு நடந்ததை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அழைப்பு எனக்குப் புதிய சொல் அல்ல. பதினாறு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில், ஊழியத்துக்குத் தன்னைக் கொடுப்பவர் யார் என்று கேட்டபோது அழுதழுது கை உயர்த்தினேன். பிறகு ஆசிரியப் பயிற்சி, கலியாணம், பிள்ளை. கை தானாகவே இறங்கிவிட்டது. ஆனால் சண்டை தொடங்கிக் கரையோரத்திலிருந்து சனம் ஓடிவந்தபோது, பதினொரு பேர் கொண்ட ஒரு குடும்பம் நான்கு மாதம் எங்கள் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தது. அவர்கள் யார், என்ன சமயம் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை, அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அதை அழைப்பு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

முகாமில் எனக்குக் கிடைத்தவர் ராஜேந்திரம். வவுனியாப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும், கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மனைவியும் பிள்ளையும் கொழும்பில் ஒரு லொட்ஜில். முதல் வியாழக்கிழமை கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "அக்கா, நான் சைவ சமயம். நீங்கள் வாறதுக்கு அது பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார். நானே பிழையாகத்தான் வந்திருக்கிறேன் என்று குளிர்க் கதையைச் சொன்னேன். "அப்ப ஆண்டவர் உங்களுக்கு ரோங் நம்பர் அடிச்சிருக்கிறார்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு வியாழக்கிழமைகளை நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினேன். கையுயர்த்திய அந்தப் பதினாறு வயதுப் பெண் ஒரு வழியாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

மூன்றாம் மாதம் அவர் கேட்டார். "ஒரு விலாசம் காட்டினால் வழக்கு முடியுமட்டும் வெளியில விடுவினமாம், அக்கா. படுக்க ஒரு மூலை காணும்."

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு சோபாவும் தொலைக்காட்சியும் மட்டும்தான் இருந்தன. "ஜெபிக்கிறன் தம்பி" என்றேன்.

கணவர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. எங்கட விசாவே இன்னும் தொங்குது. உமக்கென்ன விசரோ?" என்றார். அவரே வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. மகளுக்கு அப்போது பதினேழு வயது.

தேவாலயத்தில் கேட்டேன். நான்கு அறை வீட்டில் தனியே இருக்கும் ஒரு அம்மையார் என் கையைப் பிடித்து, "ஹவ் மார்வலஸ்" என்றார். சம்மதம் என்று நினைத்து, எப்போது கூட்டிவரலாம் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. என் சேவையைத்தான் அவர் பாராட்டியிருக்கிறார். மற்றவர்கள் ஜெபத்தில் வைக்கிறோம் என்றார்கள். எங்கள் சனம் "பாப்பம்" என்றால் இல்லை என்று பொருள் என்பது குழந்தைக்கும் தெரியும். கிறிஸ்தவர்கள் "ஜெபிக்கிறம்" என்றாலும் அநேகமாக அதுதான். சபைக்குள் வளர்ந்த எங்களுக்கு அது விளங்கும். சைவக்காரருக்கு எப்படி விளங்கும்?

அடுத்த ஞாயிறு போதகர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். ராஜேந்திரத்தின் வழக்கறிஞர் தொலைபேசியில் பேசினாராம். செவ்வாய்க்கிழமை விசாரணை. அக்கா சம்மதித்துவிட்டார், கடவுளிடமே சொல்லிவிட்டார், வீடு சரி என்று ராஜேந்திரம் சொல்லியிருக்கிறாராம். விலாசம் மட்டும்தான் வேண்டுமாம்.

போதகர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கதவிலக்கம், தெருப்பெயர், தபால் குறியீடு. அவ்வளவுதான். நான், "ஐ ஒன்லி செட் ஐ வில் ப்ரே" என்றேன். வீட்டில் வளர்ந்த மகள் இருக்கிறாள் என்றும் சொன்னேன். போதகர் பேனாவை மூடி, ஜெபம்தான் எல்லாவற்றிலும் பெரிய உதவி என்று என்னைத் தேற்றினார். அவருடைய வீட்டில் எத்தனை அறை என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை என்னால் முகாமுக்குப் போக முடியவில்லை. போனபோது வரவேற்பு மேசையில் இருந்தவன் பட்டியலைப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி சொல்பவன் போல, "ஹீஸ் கோன் ஹோம்" என்றான். யாருடைய வீட்டுக்கு என்று ஒரு கணம் நினைத்தேன். கொழும்புக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

மகளுக்கு விடயம் போதகர் வழியாகத்தான் தெரிந்தது. உன் அம்மா உன்னை எப்படிக் காக்கிறார் என்று அவளிடம் புகழ்ந்திருக்கிறார். அவள் வந்து குசினி வாசலில் நின்றாள். கத்தவில்லை. "எனக்குப் பயமெண்டு சொன்னனீங்களோ அம்மா? யூ நெவர் ஆஸ்க்ட் மீ" என்றாள். அந்த ஞாயிறோடு தேவாலயத்துக்கு வருவதை நிறுத்தினாள். பெண்பிள்ளையைக் காத்தேன் என்று கணவர் இன்றும் சொல்கிறார். ஊரிலிருந்து வாசிக்கும் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். அந்த மண்டபத்தில் பதினொரு பேர் படுத்திருந்தபோதும் அதே பிள்ளை அங்கேதான் தவழ்ந்துகொண்டிருந்தாள் என்பதை நான்தான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து ராஜேந்திரத்தின் கடிதம் வந்தது. என் விலாசம் அவரிடம் இல்லை. அதனால் தேவாலயத்தின் பெயரை எழுதி, அதற்குக் கீழே "வியாழக்கிழமை வாற அக்காவுக்கு" என்று தமிழில் எழுதியிருந்தார். கொழும்பு விமான நிலையத்தில் மூன்று நாள் வைத்து விசாரித்தபின் விட்டுவிட்டார்களாம். இனி லொட்ஜில் தங்கவும் பொலிஸ் பதிவு வேண்டுமாம், அதையும் எத்தனை நாளைக்குத் தருவார்களோ தெரியாதாம். கடைசி வரி: "உங்கட ஜெபத்துக்கு நன்றி அக்கா."

அன்றே, கடிதத்தில் இருந்த லொட்ஜ் விலாசத்துக்குப் பதில் எழுதினேன். உறையின் பின்புறத்தில் கதவிலக்கம், தெரு, கோலியர்ஸ் வுட், தபால் குறியீடு எல்லாவற்றையும் அச்செழுத்துப்போலத் தெளிவாக எழுதினேன். ஏழு கிழமை கழித்து அந்த உறை பிரிக்கப்படாமலே என் வாசலில் விழுந்து கிடந்தது. முன்பக்கத்தில் கொழும்பு லொட்ஜின் விலாசம் சிவப்பு மையால் வெட்டப்பட்டு, அப்படி ஒருவர் இங்கில்லை என்று மூன்று மொழிகளில் முத்திரை குத்தப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் என்னுடைய விலாசத்தை யாரோ வட்டமிட்டு, இங்கே அனுப்பு என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள்.