சத்தம் வைக்காமல் ஆடியவள்

அந்த வீடியோ கேமைப் பற்றிப் பேச்சு வந்தாலே என் வயதுக்காரர்கள் முதலில் பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள். முதல் கட்டத்துக்கு ஒரு பாட்டு, தண்ணீருக்குள் போனால் ஒரு பாட்டு, செத்தால் ஒரு பாட்டு. கண் சொக்கித் தலையை வேறு ஆட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆறு வருடம் அதை ஆடியவள் நான். அதில் ஒரு பாட்டுகூட எனக்குத் தெரியாது.

காரணம் ரொம்பச் சாதாரணம். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அணுபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் அப்படித்தான். ராத்திரி முழுக்கக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து முள்ளையும் விளக்கையும் பார்த்துவிட்டு, காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு தோசையைத் தின்றுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். உடனே அம்மா காலிங்பெல் மேல் ஒரு பழைய துணியைக் கட்டிவிடுவாள். எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். துணி கட்டிய வீட்டில் யாரும் பெல் அடிக்க மாட்டார்கள். கீரைக்காரம்மா அந்த வாசலில் கூவாமல் போவாள். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்குவார்கள். எங்கள் வீட்டில் குக்கர்கூட அப்பா எழுந்த பிறகுதான் விசிலடிக்கும்.

டிவி கேம் வாங்கித் தந்தவரும் அப்பாதான், பர்மா பஜாரிலிருந்து. மஞ்சள் கேசட்டைச் செருகினால் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு குள்ளன் ஓடுவான், தாவுவான், குழியில் விழுந்து சாவான். கேசட்டின் மேல் இருந்த எழுத்து எங்களுக்குப் படிக்க வராது. அதனால் அவன் எங்கள் வீட்டில் வெறும் வாளித்தலையன். எனக்கும் தம்பிக்கும் விடுமுறை நாள் முழுக்க அவன்தான் வேலை.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். டிவியில் சத்தத்துக்கான திருகைக் கடைசிவரை குறைத்து, அது நகராதபடி மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். "ஒரு சத்தம் வந்துச்சு, பொட்டி பரண் மேல போயிடும்" என்றாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், வாயைப் பொத்திக்கொண்டு சண்டை போட்டோம். குழி வந்தால் தம்பி என் தொடையில் ஒரு குத்து விடுவான், எதிரி வந்தால் இரண்டு.

ஒரே ஒரு நாள் அவன் கத்திவிட்டான். கடைசிக் கோட்டையைத் தாண்டிய சந்தோஷம் அவனுக்கு. அப்பா எழுந்து வந்தார். திட்டவில்லை. சிவந்த கண்ணோடு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார். தூக்கம் பிடிக்கவில்லை. ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் ஷூ மாட்டியபடியே இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கண்ட்ரோல் ரூமில் கண் அசந்துவிடுவாரோ என்று அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு யாரும் எங்களை அதட்ட வேண்டியிருக்கவில்லை.

காது இல்லாமல் ஆடுகிறவளுக்குக் கண் கூர்மையாகிவிடும். மூன்றாம் கட்டத்தில் ஒரு பாழுங்கிணறு உண்டு. உள்ளே கூரையிலிருந்து ஈட்டிகள் விழும். விழுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஈட்டியும் இரண்டு தடவை லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் தாவுவேன். அந்தக் கிணற்றில் நான் செத்ததே இல்லை.

படித்து முடித்ததும் நாவலூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. புரோகிராமில் எங்கே குறை இருக்கிறது என்று தேடி எழுதிப் போடுகிற வேலை. அந்தக் குறைக்குப் பெயர் பக். பூஞ்சேரி கூட்ரோட்டில் காலையில் கம்பெனி வேன் ஏறி, இரண்டு வருடம் இன்சூரன்ஸ் படிவங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. மேல் மாடியில் இருந்த கேம் டீமுக்கு வாளித்தலையன் வருகிறான். அவன் வந்து இருபது வருடமானதைக் கொண்டாட வெளிநாட்டில் ஒரு சிறப்புப் பதிப்பு செய்கிறார்கள், பழைய கட்டங்களைப் புதுப் படத்தோடும் பெரிய இசைக்குழுவின் வாசிப்போடும். அதைச் சோதிக்க ஆள் வேண்டும். நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதத் தற்காலிக இடம் வாங்கினேன். ஒப்பேறினால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பழையபடி இன்சூரன்ஸ். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

டீம் லீடர் திருப்போரூர்ப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பத்திலிருந்து முதலில் மாதச் சம்பளத்துக்கு வந்தவர். கெட்டிக்காரர், அதை அடிக்கடி நமக்கு ஞாபகப்படுத்துகிறவரும்கூட. முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பாட்டை விசிலடித்தார். "இது எந்த ஸ்டேஜு, சொல்லு பாப்போம்" என்றார். ஏழு பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். நான் விழித்தேன்.

"இன்னாம்மா, இதுகூடத் தெரியாதா? ஆடினதே இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

"ஆடியிருக்கேன். சத்தம் வச்சு ஆடினதில்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். உப்பில்லாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள். அன்றே எனக்கு அங்கே ஊமை கேம் என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் கிணற்றுக் கட்டம் எனக்கு வந்தது. உட்கார்ந்ததும் கை தானாகப் போய்ச் சத்தத்தை அணைத்துவிட்டது. ஆடினேன், செத்தேன். மறுபடி ஆடினேன், செத்தேன். வரிசையாகப் பதினோரு தடவை. அழுகையே வந்துவிட்டது. பிறகு திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஈட்டிகள் நடுங்கவில்லை. புதுப் பதிப்பில் அதற்குப் பதிலாக 'டிங் டிங்' என்று மணி வைத்திருந்தார்கள். ஹெட்போன் மாட்டி ஆடியவர்கள் எல்லோரும் மணியைக் கேட்டுத் தாவினார்கள், ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. சத்தமில்லாமல் ஆடுகிறவனுக்குத் தலையில் ஈட்டி இறங்கிய பிறகுதான் விஷயம் தெரியும்.

பக் எழுதிப் போட்டேன். இது குறையே இல்லை என்று லீடர் ஒரு மணி நேரத்தில் அதை மூடிவிட்டார். திறந்தேன். மறுநாளும் மூடினார். பழைய ஆட்டத்தையும் புது ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து, அதையும் இணைத்து மறுபடி திறந்தேன். இந்தத் தடவை அதை மூடிவிட்டு என் நாற்காலிக்கே வந்துவிட்டார்.

"எல்லாருக்கும் சூப்பரா ஓடிகினு கீது. ஒனக்கு மட்டும் இன்னா பேஜாரு? சவுண்டு இல்லாம எவன்மா கேம் ஆடுவான்?"

"நான் ஆடுவேன்."

"இன்னொரு வாட்டி தொறந்தேன்னு வையி, திரும்பக் கீழ் மாடிக்கே போயிடுவ."

அவர் அந்தப் பக்கம் போனதும் அவர் மூடிய பக்கைத் திறந்தேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த மாடியில் நான்தான். எவன் ஆடுவான் என்றால்? எங்கள் பிளாக் முழுக்க ஆடினோம். மறைமலைநகரில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் அப்படித்தான் ஆடுவார்கள். காதே கேட்காத பிள்ளைகள் ஆடுவார்கள். எங்களை விட்டுவிட்டு யாருக்கு இந்த இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டம்? இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பக்கின் கீழே எழுதிவிட்டு வேன் ஏறிவிட்டேன்.

வாராந்திர போன் மீட்டிங்கில் வெளிநாட்டுக்காரர்களே அதை எடுத்தார்கள். அந்தக் கட்டத்தை வடிவமைத்த பெண்மணி இதை எழுதியது யார் என்று கேட்டாள். லீடர் என்னைப் பார்த்தார். நான் என்று சொன்னேன்.

"ஏன் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினாய்?"

"எங்கள் வீட்டில் பகலில் ஒருவர் தூங்குவார். உங்கள் ஊரில் யாரும் ராத்திரி வேலைக்குப் போவதில்லையா?"

மேஜைக்கு அடியில் லீடர் என் காலை மிதித்தார். இன்சூரன்ஸ் படிவங்கள் என் கண்முன் வந்து நின்றன.

"பழைய ஆட்டத்தில் அங்கே எத்தனை தடவை செத்தாய்?" என்றாள்.

"ஒரு தடவைகூட இல்லை."

"சரி, அதை நாங்கள் சரி செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் திருத்திய பதிப்பு வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுக் கிணற்றில் இறங்கினேன். முதல் ஈட்டி இரண்டு தடவை நடுங்கியது. தாவினேன். ஒரு கீறல்கூட இல்லாமல் அடிவரை போய்ச் சேர்ந்து, அந்த பக்கை நானே மூடினேன். என்னைக் கீழ் மாடிக்கு அனுப்புகிற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

லீடர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. தன் ஹெட்போனைக் கழற்றி என் மேஜையில் வைத்தார்.

"இப்பவாச்சும் அந்தப் பாட்டக் கேளும்மா. இன்னா மிஸ் பண்ணிட்டேன்னு தெரியும்."

மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். நல்ல பாட்டு, நிஜமாகவே நல்ல பாட்டு. கழற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்காக எங்கப்பாவ ஒரு நாள்கூட எழுப்பியிருக்க மாட்டேன்" என்றேன்.