பேங்குக்குப் பிணை நின்ற ஆள்

நான் வேஷம் கட்டுகிறவள். கோயிலுக்கோ கூத்துக்கோ அல்ல, சும்மா ஆசைக்கு. வேலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளோடு பகல் முழுக்கக் கிடப்பேன். வீட்டுக்கு வந்தால் அட்டை, பசை, பழைய துணி. "அடுத்தவன் மூஞ்சிய மாட்டுனாத்தான் இவளுக்குச் சோறு எறங்கும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிக்கொண்டே ஒரு சிரட்டை ரப்பர் பாலைக் கொண்டுவந்து வைப்பார். அவரும் பால் வெட்டினவர்தான். அந்தப் பால் தோட்டத்துச் சொத்து என்பதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

களிமண்ணில் ஒரு முகம் பிடிக்க வேண்டும். அதன்மேல் பாலைப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, ஏழெட்டுத் தடவை. பிறகு பவுடர் தடவி மெல்ல உரித்தால் முகமூடி. நல்ல முகமூடிதான், நாற்றத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. என்ன சென்ட் அடித்தாலும் பத்தடிக்குள் வருகிறவர்களுக்கு ரப்பர் ஸ்டோர் ஞாபகம் வந்துவிடும். இங்கே பாதிப் பேர் மேல் அதே நாற்றம் இருப்பதால் நான் பிழைத்துக்கொள்கிறேன்.

என் வேஷங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வேலை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு, கீழே சிங்களக் கிராமத்து ஆட்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் சேர்ந்து மைதானத்தில் விழா வைப்பார்கள். அதில் விநோத உடைப் போட்டி உண்டு. 'செங்கவுணு அமுத்தா' என்றும் ஒன்று உண்டு. மறைந்திருக்கும் விருந்தாளி என்று அர்த்தம். யாரோ ஒருத்தர் மாறுவேஷத்தில் கூட்டத்துக்குள் திரிவார், மைக்கில் அறிவித்தபிறகு எல்லோரும் அவரைத் தேட வேண்டும். கண்டுபிடித்தால் பிடித்தவருக்குப் பரிசு. பிடிக்காவிட்டால் விருந்தாளிக்கே பரிசு.

எண்ணெய்க்கும் கேஸுக்கும் கியூவில் நின்றோமே, அதற்கு அடுத்த வருஷம். டிவி செய்தியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: பிணையெடுப்பு. நாட்டுக்குப் பிணையெடுப்பு வருகிறது, வங்கிகளையும் பிணையெடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். சோற்றில் கை வைத்தபடி என் வீட்டுக்காரர் திரும்பினார்.

"பேங்க எவன் புடிச்சு உள்ள போட்டான்? அதுவும் கசிப்புக் காச்சுச்சா?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிணை என்றால் அதுதான். அவருடைய தம்பி ஒருமுறை கசிப்புச் சாராயத்தோடு பிடிபட்டபோது, கிராம சேவகர் கடிதத்தோடு கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்து வைத்துப் பிணை நின்றவர் இவர்தான். அடுத்த தவணைக்குத் தம்பி வரவில்லை. பிணை நின்றவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் பேர் வெட்டப்பட்டு, சம்பளம் போய், கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வந்தார். சாகும்வரை மறக்கமாட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "பேங்குல காசு இல்லாமப் போனா அரசாங்கம் காசு போட்டுத் தூக்கிவிடுமாம். அதத்தான் அப்புடிச் சொல்றாங்க."

"அரசாங்கத்துக்கிட்டயே காசு இல்லேன்னுதானே கியூவுல நின்னோம். அப்ப பிணைக்கு யாரு கையெழுத்து வைக்கிறது?"

அந்தக் கேள்வியிலிருந்து வேஷத்துக்கு ஒரு யோசனை கிடைத்தது: விலங்கு மாட்டிய பேங்க்.

யட்டியாந்தோட்டை பஜாரில் பிரிட்ஜ் விற்கிற கடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கினேன். துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய்களை முன்னால் தூண்களாக ஒட்டினேன். தலைக்கு மேல் கோபுரம், கழுத்தில் டை, கையில் வெள்ளித்தாள் சுற்றிய விலங்கு. நெஞ்சில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை: 'பிணைக்கு இரண்டு பேர் தேவை. கிராம சேவகர் கடிதத்தோடு வரவும்.' கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிங்கள ஆட்கள்தான் அதிகம் சிரித்தார்கள், அவர்களுக்கும் கோர்ட்டு அனுபவம் குறைவில்லை. எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வண்ணத்துப்பூச்சியாக வந்த நான்கு வயசுப் பிள்ளைக்கு. அதில் ஓடர் பண்ணின நெட் துணி தவிர ஒன்றுமே இல்லை. நான் அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

பரிசு கொடுக்க வந்தவர் பஜாரில் உள்ள வங்கியின் அதிகாரி, யாழ்ப்பாணத்துத் தம்பி. அவர்கள் பேங்க்தான் பரிசுச் சாமான் எல்லாம் தந்திருந்தது. கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் பலகையை வாசித்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, உங்கட வங்கிக்குப் பிணை நிக்க ஆள் கிடைச்சிட்டுதோ?"

"இல்ல தம்பி. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

பகிடி பண்ணினவளுக்குத்தான் பயம் வந்தது. காரணம், அதே பேங்கில்தான் என் வீட்டுக்காரரின் பணம் கிடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டி, வயசு முடிந்து வேலையிலிருந்து பேர் வெட்டியபோது வந்த ஈபிஎஃப் காசு, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்த்தது. லயத்துக்கு மேலே எங்களுக்குக் கிடைத்த துண்டுக் காணியில் நான்கு சுவர் எழுப்பியிருந்தோம், கூரை இல்லை. அப்போது வட்டி உச்சத்தில் இருந்தது. ஒரு வருஷத்துக்கு நிலையான வைப்பில் போட்டால், முதலைத் தொடாமல் வட்டியிலேயே கூரை போட்டுவிடலாம் என்று அவர்தான் கணக்குப் பார்த்தார். லயத்துக் காம்பராவில் பிறந்த மனுஷன். சொந்தக் கூரைக்குக் கீழே ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்பது தவிர அவர் என்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

அந்த வைப்பின் வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அப்போதுதான் பேங்க் எல்லாம் சேர்ந்தாற்போல ஐந்து நாள் மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஏற்கனவே வந்த லீவுகளோடு இடையில் ஒரு நாளைக் கூட்டி மூடுகிறார்களாம், கடன் விஷயமாக ஏதோ தீர்மானிக்கிறார்களாம். லயம் முழுக்க ஒரே பேச்சு. கதவைச் சாத்திவிட்டு உள்ளே என்ன செய்வார்கள் என்று ஆளுக்கொரு கதை. நான் அவரை இழுத்துக்கொண்டு கடைசி வேலை நாளில் பஸ் ஏறினேன்.

பேங்கில் சனம் அதிகம். அந்தத் தம்பி எங்களைக் கண்டு மேசைக்குக் கூப்பிட்டார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. லீவு மட்டுந்தான். வைப்புக் காசில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். இப்ப உடைச்சா வட்டி போயிடும். திரும்ப வரேக்க இந்த வட்டி இருக்காது."

நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் நான் அவர் வாயைப் பார்க்கவில்லை, டையைப் பார்த்தேன். இரண்டரை மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு டையை நானும் கட்டியிருந்தேன். கட்டினதும் குரல் தானாகக் கனத்து, சொன்னதெல்லாம் உண்மை மாதிரி இருந்தது எனக்கு நினைவிருந்தது. வேஷம் கட்டுகிறவளுக்கு அடுத்தவர் உடுப்பின்மேல் நம்பிக்கை வராது. அது கெட்டித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"எடுத்துருவோங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இவ படிச்சவ. அவ சொன்னாச் சரி" என்று பேனாவை வாங்கினார். நான் எட்டாம் வகுப்பு. அவர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

காசை எங்கே வைப்பது? ஒற்றைக் காம்பரா, தள்ளினால் திறக்கிற கதவு. கடைசியில் அட்டாலைப் பரணில் கிடந்த அட்டை பேங்கை இறக்கி, அதன் தூண்களுக்குள் நோட்டுகளைச் சுருட்டி வைத்துத் துணியால் அடைத்து மறுபடி ஏற்றினேன். பேங்கிலிருந்து எடுத்து பேங்கில்தான் போட்டிருக்கிறேன் என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. அந்த ஐந்து நாளும் மழை. லயத்துத் தகரம் ஒழுகும். எங்கே சொட்டுகிறது, அட்டை நனைகிறதா என்று ஏறி ஏறிப் பார்த்தேன். பிள்ளைக்காம்பராவுக்குப் போயும் மனசு அங்கேயே கிடந்தது. அவர் மட்டும் வழக்கம்போலப் போய், நாட்டுப் பக்கத்துச் சிங்கள மாத்தயா ஒருவரின் ரப்பர் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் பேங்கைத் திறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கவுண்டரில் அதே பெண்பிள்ளை, அதே மின்விசிறி. பணத்தைத் திரும்பப் போட்டோம். வட்டி அதற்குள் இறங்கியிருந்தது, பிறகு இன்னும் இறங்கியது. பழைய வைப்பை உடைத்ததால் போனதையும் சேர்த்துப் பார்த்தால், போனது சரியாக எங்கள் கூரை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி முடித்திருப்பேன். அவர் பேசாமல் இருந்தது எனக்குப் பெரிய ரோதனையாக இருந்தது.

அடுத்த சித்திரைக்கு வேஷம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். விழாக்காரர்கள் விடவில்லை. அந்த முறை நான்தான் செங்கவுணு அமுத்தா. இரத்தினபுரி மாணிக்க வியாபாரி மாதிரி வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சின்ன டார்ச், ரப்பர் பாலில் செய்த ஐம்பது வயசு ஆம்பிளை முகம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக வந்திருந்தது. அறிவித்துக் கால் மணி நேரம் ஆகியும் எவரும் பிடிக்கவில்லை. ஒரு பொடியன் பொலிஸ்காரர் ஒருவரின் மீசையை இழுத்து ஏச்சு வாங்கினான்.

நான் பரிசு மேசைப் பக்கமாக ஒதுங்கி நின்றேன். அந்த பேங்க் தம்பி அங்கே நின்றார். மூக்கை ஒருமுறை சுருக்கினார். மெல்லத் திரும்பி, மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அக்கா, அண்டைக்குத் தேடினீங்களே, வங்கிக்குப் பிணை நிண்ட ஆள். அது நீங்கள்தான்."

பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "சத்தம் போடாதீங்க தம்பி, இன்னும் அஞ்சு நிமிசந்தான்" என்றேன்.

"நான் இந்த விளையாட்டைச் சொல்லேல்ல" என்றார். பிறகு விளக்கினார். நான் விளங்கிக்கொண்டது இவ்வளவு. அந்த ஐந்து நாளில் தீர்மானித்த விஷயத்தில், வங்கிகள் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன் பத்திரங்களை அப்படியே விட்டுவிட்டார்கள், வங்கி விழக்கூடாது என்று. ஈபிஎஃப் நிதி வைத்திருந்த பத்திரங்களைத்தான் மாற்றினார்கள். வங்கிகளுக்குப் பதிலாக, இனி வரும் வருஷங்களில் அதற்கு வட்டி குறைவு.

"அண்ணையின்ர காசு எங்களிட்ட இருந்தது. அதுக்கு ஒண்டும் நடக்கேல்ல. நீங்கள் இன்னும் வேலையில தானே? உங்கட ஈபிஎஃப் அங்க உள்ளுக்க."

என்னுடையது! பத்திரமாக இருந்த காசைப் பதறிப்போய்த் தூக்கித் தூணுக்குள் ஒளித்தவள், இருபது வருஷமாகச் சம்பளத்தில் பிடிக்கிற தன்னுடைய காசை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் குறையாது என்று அரசாங்கம் உறுதி சொல்லியிருக்கிறது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு அவர் டை கட்டவில்லை. நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நேரம் முடிந்தது என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி முகத்தை உரித்தேன். கைதட்டல். பரிசு, பேங்கின் சின்னம் போட்ட பெரிய குடை ஒன்று.

வீட்டுக்கு ஏறும் வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒங்கிட்ட கையெழுத்து வாங்குனாங்களா?"

"இல்ல."

"கிராம சேவகர் கடிதம்?"

"ஒண்ணும் இல்லங்க."

"அப்பறம் எப்புடிப் பிணை? என் தம்பிக்கே ரெண்டு கையெழுத்து வாங்குனானுங்க" என்றார்.

எங்கள் காணி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ச் சுவர்களுக்குள் நின்றோம், அதில் என்ன பிரயோசனம்? நான்கு பக்கமும் சுவர், மேலே வானம். அவர் என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, இருவருக்கும் நடுவில் பிடித்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பாரு புள்ள, ஒரு வழியா பேங்க் கூரை போட்டுக் குடுத்துருச்சு."

நான் சிரித்துவிட்டேன். அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. மழை விடும்வரை அவர் பக்கம் திரும்ப எனக்கு முகமில்லை.