சித்தப்பா படித்த பாஷை

சித்தப்பா பிரெஞ்சு படிக்கிறார் என்று அம்மா எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். மொன்றியலில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவிவிட்டு வரும் சித்தப்பா, மாலையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவியபடி பாடமாக்குவார். நான் எதிரே இருந்து, அவர் வேலையிடத்தில் எழுதிவந்த தாளைப் பார்த்துப் பிழை பிடிப்பேன்.

"செக்கம், செக்காஷ், செக்கா."

நான் காத்திருக்கிறேன், நீ காத்திருக்கிறாய், அவள் காத்திருக்கிறாள். பிறகு செக்காமோ, நாங்கள் காத்திருக்கிறோம், செக்காத்தே, நீங்கள், செக்காயு, அவர்கள். எனக்கு இரண்டு நாளில் ஆறும் பாடமாகிவிட்டன. சித்தப்பாவுக்குத்தான் நாக்கு வளையவில்லை.

"நம்பிக்கை எண்ட ஒரு பழைய சொல்லிலை இருந்துதான் இது வந்ததாம்," என்றார் ஒருநாள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. கிழங்கைப் பார்த்துச் சிரித்தார்.

அது பிரெஞ்சு இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வேறு சொல் சொல்லித்தந்தார்கள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் கதைக்கிற பிள்ளையும் நானில்லை.

தை மாதம் வீட்டுச் சூடாக்கி நின்றுபோனது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து வாசலில் நின்றார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சித்தப்பாவை முன்னே தள்ளினார்.

"தம்பி, இவ்வளவு நாளும் படிச்சனீதானே, எடுத்து விடு பாப்பம்."

"பொன்ஜூர்," என்றார் சித்தப்பா. அதோடு முடிந்தது. கடைசியில் நான்தான் அம்மாவுக்குப் பின்னால் நின்று, எங்களுக்குக் குளிர்கிறது என்று பிரெஞ்சில் சொன்னேன்.

கதவைச் சாத்தியதும் அம்மா கேட்டார்: "அப்ப நீ படிச்சது என்னத்தை?"

"அது யூகோஸ்லாவியா பாஷை, அண்ணி. என்னோடை தட்டுக் கழுவுற ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பாஷை."

அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சித்தப்பாவுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னார்.

"கொழும்பிலை லொட்ஜிலை ஒருத்தி உன்னை நம்பிக் கிடக்கிறாள். அவளின்ர தமையனையும் ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுது. நீ இஞ்சை கூப்பிடாட்டி அவள் திரும்ப ஊருக்குத்தான் போகவேணும். இதை அந்தத் தட்டுக் கழுவுற பிள்ளைக்குச் சொன்னனியோ?"

"இல்லை," என்றார் சித்தப்பா.

அடுத்த கிழமை அவர் டோர்வல் வேலையை விட்டு, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். அப்பா கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். வீடும் சூடாகிவிட்டது.

ஒரு மாலை சித்தப்பா பழையபடி கிழங்கோடு உட்கார்ந்திருந்தார். பாடம் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை. நானே தொடங்கினேன்.

"செக்கம்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல், "செக்கம், செக்காஷ், செக்கா," என்றார். அவள் காத்திருக்கிறாள் என்பதோடு நின்றுவிட்டார்.

"செக்காமோ, நாங்கள்," என்று எடுத்துக்கொடுத்தேன்.

இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். மறுபடியும் எடுத்துக்கொடுத்தேன். கத்தியை வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிப்படிகளில் இறங்கினார்.

சித்தப்பா மறந்துவிட்டார், எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் யன்னலைத் திறந்து, பனிக்குள் போய்க்கொண்டிருந்த அவருக்குக் கேட்கும்படி மிச்ச மூன்றையும் உரக்கச் சொல்லி முடித்தேன்.